கோத்தா ராயா கூட்டம்

பாயான் லெப்பாஸ், பினாங்கு

அன்புள்ள சரசு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலிக்கு ஊசி போட்டதாக எழுதியிருந்தாயே, இப்போது தேவலையா? இங்கே எல்லாரும் சுகம். பெரியவளுக்குப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம். சின்னவன் எந்நேரமும் கைப்பேசியும் கையுமாகத்தான் இருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரில் கோத்தா ராயா கடைவளாகம் பக்கம் போனால் இது நம் நாடுதானா என்றே சந்தேகம் வருகிறது, அத்தனை வெளிநாட்டுக்காரர்கள் என்று அலுத்துக்கொண்டிருந்தாய். எனக்கு அது தினசரிக் காட்சி. தொழிற்சாலையில் என் லைனில் பாதிப் பேர் நேப்பாளிகளும் மியன்மார்க்காரர்களும்தான். இவர்கள் ஏன் வருகிறார்கள் என்பது பேசிப் பழகினால்தான் பிடிபடுகிறது.

2022 நவம்பரிலேயே உலகத்தில் 800 கோடிப் பேர் ஆகிவிட்டோம். அந்த எண்ணை விடு, வயதைப் பார். ஜப்பானில் ஏறக்குறைய பாதிப் பேர் 49 வயதைத் தாண்டியவர்கள். ஆப்பிரிக்காவின் நைஜரில் பாதிப் பேருக்குப் பதினாறுகூட ஆகவில்லை. ஓரிடத்தில் வேலைக்கு ஆள் இல்லை, இன்னோரிடத்தில் ஆளுக்கு வேலை இல்லை. நம் கதை மட்டும் என்ன? உன் அம்மாவுக்கு ஏழு பிள்ளைகள், உனக்கு மூன்று, உன் மகள் ஒன்றே போதும் என்கிறாள். மலேசியாவில் இன்று ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகள்கூட இல்லை. அப்புறம் இரவு ஷிப்டுக்கு யார் வருவார்கள், சொல்.

லைனில் ஒரு நேப்பாளப் பையன். சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் வீட்டோடு பேசுவான். திரையில் தெரிவதெல்லாம் கிழவர்களும் பெண்களும் குழந்தைகளும்தான். அவன் வயசுப் பையன் ஒருவனைக்கூட நான் பார்த்ததில்லை. சம்பளம் வந்த அன்றே முக்கால்வாசியை அனுப்பிவிடுவான். அதில் பெரும்பங்கு, இங்கே வர ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடனுக்கே போய்விடுகிறது. இப்படி வெளியிலிருந்து போகும் பணம் நேப்பாளப் பொருளாதாரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு அளவுக்கு வரும். அவன் செய்யும் இதே வேலைக்கு அமெரிக்காவில் பல மடங்கு கூலி. உலகில் ஆளுக்கு ஆள் வருமானம் வேறுபடுவதில் பாதிக்கு மேல், எந்த நாட்டில் வாழ்கிறோம் என்பதாலேயே தீர்மானமாகிறது என்று பிராங்கோ மிலானோவிச் என்ற பொருளாதார அறிஞர் கணக்குப் போட்டிருக்கிறாராம். மகள் சொன்னாள். உழைத்தால் முன்னுக்கு வரலாம் என்று பிள்ளைகளிடம் இனிமேல் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்ல வேண்டும்!

நம் தாத்தாக்களும் கப்பலேறி வந்து, நோய் இருக்கிறதா என்று பினாங்குக்குப் பக்கத்து ஜெரஜாக் தீவில் அடைபட்டுக் கிடந்து, ஆள் சேர்த்த கங்காணி பின்னால் தோட்டத்துக்கு நடந்தவர்கள்தானே.

நாட்டுக்கு உள்ளேயும் லேசுப்பட்ட ஏற்றத்தாழ்வு இல்லை. 2020இல் மாற்றும்வரை, மாதம் 980 வெள்ளிக்கு (ரிங்கிட்) கீழ் வருமானம் உள்ள குடும்பம்தான் ஏழைக் குடும்பம். கோலாலம்பூரில் 980 வெள்ளியில் நீ ஒரு மாதம் குடும்பம் நடத்திக் காட்டு, பார்ப்போம். அந்தக் கணக்கில் நாட்டில் வறுமை வெறும் 0.4 விழுக்காடு. ஐநாவுக்காக வறுமையை ஆராய்ந்த பிலிப் ஆல்ஸ்டன் 2019இல் வந்து பார்த்துவிட்டு, இந்தக் கணக்கு நிஜத்துக்குப் பொருந்தவில்லை என்றார். அப்புறம் வறுமைக் கோட்டை 2,208 வெள்ளிக்கு உயர்த்தினார்கள், வறுமை 5.6 விழுக்காடானது, 4 லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள். அதிலும் என் லைன் பையன்கள் கிடையாது. குடிமக்களை மட்டும்தான் எண்ணுகிறார்கள்.

சரி, பள்ளி விடுமுறைக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு வா. வருவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிடு, ஷிப்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
மல்லிகா