ரங்கூன் குண்டுவீச்சில் இறந்தவர்களுக்கும் ஒரு பெயரேடு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவின் அப்பா முதல் உலகப்போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையோடு மெசபடோமியா (இன்றைய ஈராக்) போய் உயிரோடு திரும்பியவர். அவருடைய இரண்டு மெடல்கள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. ஒன்று வெள்ளி. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை; மறுபக்கம் குதிரைமேல் ஒரு வீரன், குதிரையின் காலடியில் மண்டையோடு. விளிம்பைத் திருப்பினால் தாத்தாவின் படை எண்ணும் பெயரும் பொடிப்பொடி ஆங்கில எழுத்தில் தெரியும். இன்னொன்று வெண்கலம், சிறகு வைத்த பெண் உருவம். வெள்ளி மெடலை எடைக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோதெல்லாம் பாட்டி சம்மதிக்கவே இல்லை.

பட்டாளத்தை விட்டு வந்தவருக்கு ஊரில் காணி கிடையாது. கப்பலேறி பர்மாவின் ரங்கூன் (இன்றைய யாங்கோன்) போய் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் முதல் முறை குண்டு போட்டன. பதுங்கத் தெரியாமல் ஜனங்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். செத்தவர்களில் இந்தியக் கூலிகள் ஏராளம். தாத்தாவும் அன்றைக்குத்தான் போனார். பர்மாவின் மேற்குக் கரையிலுள்ள அரக்கான் வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்த உறவுக்காரர் ஒருவர் சொல்லித்தான் பாட்டிக்குச் சேதி தெரியும்.

ரங்கூனுக்கு வடக்கே உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில், பர்மா போரில் இறந்து தனிக் கல்லறை இல்லாத சுமார் 27,000 படைவீரர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். சரி, அது அவர்களுக்குச் சேர வேண்டிய மரியாதை. பிரிட்டனில் குண்டுவீச்சில் இறந்த சாதாரண மக்களின் பெயர்களையும் எழுதி, ஏழு தொகுதிகளாக லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் வைத்திருக்கிறார்கள். ரங்கூனில் மடிந்த நம் கூலிக்காரர்களுக்காக இங்கே அப்படி ஒரு ஏடு கிடையாது. சாகும்போது தாத்தா உடம்பில் சீருடை இல்லை, அவ்வளவுதான். அதற்காக அவர் பெயர் எங்குமே இல்லாமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம். இறந்தவர் பெயர், சொந்த ஊர், ரங்கூனில் பார்த்த வேலை, முன்பு பட்டாளத்தில் இருந்தால் அந்த எண். குடும்பத்தார் எழுதித் தருவதை வாங்கிப் பதிந்தால் போதும். அப்பன் செத்த சேதியைக் காதால் கேட்ட பிள்ளைகள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்.