ஆண்டறிக்கை: மாஸ்டர் பிளானில் சரிவையும் கணக்கில் எடுக்கக் கோரி

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, குப்பை வண்டி, காட்டெருமை தொடர்பான மனுக்களின் விவரம் தனித்தாளில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு செயற்குழுவின் நேரம் பெரும்பாலும், எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று சொல்லும் நில மண்டல விதிகளிலேயே போனது.

1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி தயாராகும் மாஸ்டர் பிளான், சர்வே எண் வாரியாகக் குடியிருப்பு, வணிகம், விவசாயம் என்று பிரிக்கிறது. சமவெளிக்கு அது போதும். கொடைக்கானலில் ஒரே சர்வே எண்ணில் மேலே சமதளம், நடுவில் செங்குத்துச் சரிவு, அடியில் ஓடை இருக்கும். சர்வே துறையின் புலப்படத்தில் எல்லையும் அளவும் உண்டு, ஏற்ற இறக்கம் கிடையாது. குடியிருப்பு என்று குறித்துவிட்டால் ஓடைக்கரையும் குடியிருப்புதான்.

பத்து மீட்டர் ஆழமுள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 10 டிகிரி சரிவில் அதன் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் தரைமட்ட வித்தியாசம் 1.76 மீட்டர். 20 டிகிரியில் 3.64, 30 டிகிரியில் 5.77. மலைநகரங்களில் கட்டட உயரத்துக்கே 7 மீட்டர்தான் வரம்பு. 30 டிகிரியில் மண்ணை வெட்டும் உயரம் அதை நெருங்கிவிடுகிறது. பாதி வெட்டிப் பாதி நிரப்பினால் செலவு குறையும் என்பார் மேஸ்திரி. நிரப்பிய பாதி ஐப்பசி, கார்த்திகை மழையில் அமுங்கும். வெட்டும் நிரப்பும் சேருமிடத்தில் சுவர் வெடிக்கும். தடுப்புச்சுவரில் நீர் வடியத் துளை விடாமல், பின்னால் ஜல்லி போடாமல் வெட்டிய மண்ணையே தள்ளி மூடினால், மண்ணோடு தேங்கிய தண்ணீரின் பாரமும் சுவர் மேல் ஏறும். சரியும் சுவர்களில் பல இப்படிக் கட்டியவையே.

நாம் கேட்பது, மனைக்கு மனை பார்க்காமல் மொத்த நிலத்துக்கும் ஒரே திட்டமாக அனுமதி தரும் முறை. அமெரிக்க நகரங்களில் இது நெடுங்காலமாக நடப்பில் உள்ளது. நியூ ஜெர்சியில் 1929-இல் உருவான ராட்பர்ன் குடியிருப்பு அதற்கு முன்னோடி: வீடுகள் பொதுப் பசுமையைப் பார்த்திருக்கும், கார்கள் பின்புறம் வரும்.

இரண்டு ஏக்கரில் பத்து வீடு என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 20 சென்ட் பிரித்தால் பத்து இடத்தில் மலையை வெட்ட வேண்டும், சாலையும் கடைசி மனை வரை போக வேண்டும். அதே பத்து வீட்டைச் சமதளத்தில் ஆறாறு சென்டில் சேர்த்தால் 60 சென்ட். சாலைக்கும் வடிகாலுக்கும் 20. மீதி 120 சென்ட் சரிவும் ஓடையும் கைபடாமல் கிடக்கும். வீடுகளின் எண்ணிக்கை கூடக் கூடாது. கூட்டினால் இது மலைக்காகச் செய்ததாகாது, மனை பிரித்து விற்கும் புரோமோட்டருக்குச் சலுகையாகிவிடும்.

அந்த 120 சென்ட் நிலைக்குமா என்பதில்தான் நம் பயம். பட்டா புரோமோட்டர் பெயரிலேயே இருந்தால் சில ஆண்டுகளில் "இரண்டாம் கட்டம்" என்று பலகை வரும். 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த விதிகளில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு, சாலை போக 10 சதவீதத்தைத் திறந்தவெளியாகத் தர வேண்டும். அதற்குக் கீழே என்றால் பணமாகக் கட்டவும் வழி உண்டு. இரண்டு ஏக்கர் 8,094 சதுர மீட்டர்தான். பணம் கட்டினால் ஓடை தப்பாது. எனவே திறந்த நிலத்தைத் தனி உட்பிரிவாக்கி, வரைபட அனுமதி தரும் முன்பே உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் பதியச் சொல்லியிருக்கிறோம்.

வடிகாலும் சாலையும் முடிந்த பிறகே வீட்டு வேலை தொடங்க வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. வீடாகக் கட்டிய காட்டேஜ் லாட்ஜாக மாறிய கதையும், அதற்கு அதிகாரிகள் சீல் வைத்த கதையும் நம் ஊருக்குத் தெரியும். தங்கும் அறை எத்தனை, வண்டி எங்கே நிற்கும், கழிவுநீர் எங்கே போகும் என்பதை அனுமதியிலேயே எழுதிவிட வேண்டும். சரிவில் உறிஞ்சுகுழி தோண்டினால் அந்தத் தண்ணீர் கீழ்வீட்டு ஊற்றில்தான் எட்டிப் பார்க்கும்.

ஒரு மீட்டர் இடைவெளியில் சமஉயரக் கோடு (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு) வரைந்த படத்தை விண்ணப்பத்தோடு கட்டாயமாக்கக் கோரிய மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. மாதிரிப் படம் வரைந்து மனுவோடு மீண்டும் தர இருக்கிறோம். ஒரு ஏக்கருக்கு மேல் நிலம் உள்ள உறுப்பினர்கள் புலப்பட நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுக்கவும்.

செயலாளர்