உருளை இழுத்த கைகளுக்கு

திருநெல்வேலி வண்ணார்பேட்டை, சிந்துபூந்துறை, கொக்கிரகுளம் மக்களுக்கும், ஞாயிறுதோறும் தென்காசியிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களுக்கும் வணக்கம்.

ஆனி முதல் ஞாயிறு தொடங்கிய எங்கள் டென்னிஸ் லீக், ஆடிக் கடைசி ஞாயிறோடு முடிந்தது. கோப்பை கொடுத்தாயிற்று, போட்டோ எடுத்தாயிற்று, ஜெயித்தவர்களுக்குக் கை தட்டியும் ஆயிற்று. இந்த மடல் அவர்களுக்கு இல்லை. கணக்கு நோட்டு என் கையில் இருப்பதால், யாரிடம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பது எனக்குத்தான் தெரியும். அதில் ரூபாயாக எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மண். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி எங்கள் கோர்ட்டுக்குள் வந்துவிட்டுப் போனது. வெள்ளம் வடிந்தபோது கம்பங்கள் இரண்டும் நின்றன, வலையைக் காணோம். தரை முழுக்க வண்டல். வண்டல் வாழைக்குச் சொத்து, டென்னிஸுக்கு ஆகாது. ஈரமாக இருந்தால் வழுக்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், பட்ட பந்து எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. உதவி கேட்டுப் போன இடம் ஒன்றில், "டென்னிஸா? அது பணக்காரங்க வெளையாட்டுல்லா" என்று சொல்லி மனுவைத் திருப்பித் தந்துவிட்டார்கள். எந்த இடம் என்பது இப்போது எதற்கு, விடுங்கள்.

அப்புறம்தான் வாழைத்தோட்டத்து அண்ணாச்சி வந்தார். தரையில் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு பிடி வண்டலை எடுத்து நசுக்கிப் பார்த்தார். "இத எனக்குக் குடுங்க. எங்க மேட்டு நெலத்துச் செம்மண்ணக் கொண்டாந்து நான் தட்டுதேன்" என்றார். டிராக்டர் ஒன்பது நடை அடித்தது. போகும்போது வண்டல், வரும்போது செம்மண். டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. எங்கள் பழைய கோர்ட் இப்போது அவர் தோட்டத்து வாழைக்கு அடியில் இருக்கிறது. லீக் தொடங்கிய அன்று ஒரு தார் அனுப்பியிருந்தார், அண்ணாச்சி வரவில்லை. ஒரு ஆட்டம்கூட அவர் பார்த்ததில்லை.

வந்த மண்ணைச் சலித்துத் தந்தது சிந்துபூந்துறை அக்காமார் ஆறு பேர். பயறளவு கல் ஒன்று கிடந்தாலும் பந்து தப்பிவிடும் என்று சொன்னேன். "அரிசியில கல்லு பாக்குறவளுக்கு இது ஒரு வேலையா" என்று சிரித்தார்கள். மூன்று நாள் ஆனது. சிரிப்பு மூன்றாம் நாள் கொஞ்சம் குறைந்துதான் இருந்தது.

மண்ணை அமுக்கும் உருளையை ஒரு ஆளால் அசைக்க முடியாது. நாலு பேர் இழுக்க வேண்டும், ஒருவர் முன்னால் தண்ணீர் தெளித்துக்கொண்டே போக வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து இழுத்த பையன்கள் நாலு பேரும் கல்லூரி ஹாஸ்டல் பிள்ளைகள், கபடி ஆடுகிறவர்கள். ராக்கெட்டைக் கொடுத்தாலும் வேண்டாம் என்பார்கள். தண்ணீர் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். ஆனி ஆடிக் காற்றைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் நனைத்த மண் பத்து மணிக்கெல்லாம் புழுதியாகிவிடும். ஒரு தடவை போட வேண்டிய மோட்டாரை ஞாயிறுதோறும் இரண்டு தடவை போட்டார். கரண்டு பில்லுக்குப் பணம் கொடுக்கப் போனால், எனக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வலை புதிது வாங்கினோம், ஆனால் மேல் பட்டை ஒரு மாதத்திலேயே பிய்ந்துவிட்டது. வெள்ளைக் கித்தானை டெய்லரிடம் கொண்டுபோனால் இரண்டு ஊசி உடைந்தது. அவரே என்னைக் கூட்டிக்கொண்டு பக்கத்தில் செருப்புத் தைக்கும் ஐயாவிடம் போனார். ஐயா மெழுகு தடவிய நூலில் நாற்பத்திரண்டு அடி நீளமும் கையாலேயே தைத்தார். தைத்ததை மாட்ட அவரே வந்தார். வலை நடுவில் மூன்றடி உயரம் இருக்க வேண்டும். அதற்கு டேப் தேடுவதில்லை. ஒரு ராக்கெட்டை நட்டமாக நிறுத்தி, அதன் தலையில் இன்னொன்றைக் குறுக்காக வைத்தால் ஏறக்குறைய மூன்றடி. ஐயா அதை வேடிக்கை பார்த்துவிட்டு, "நாங்க சாண வச்சு அளப்போம், நீங்க மட்டைய வச்சு அளக்கீக" என்றார்.

சின்னப் பிள்ளைகள் பிரிவு நடந்ததற்கு ஓய்வு பெற்ற பி.டி. வாத்தியார்தான் காரணம். முழு கோர்ட் 78 அடி. அதில் ஆறு வயதுப் பிள்ளையை நிறுத்துவது, அப்பா செருப்பைப் போட்டுவிட்டு ஓடச் சொல்வது மாதிரி. இதற்கென்றே சாதாரணப் பந்தைவிட 75 சதவீதம் மெதுவாக வரும் சிவப்புப் பந்து இருக்கிறது, அதற்கு 36 அடி நீளம் போதும். பத்து வயதுக்குட்பட்ட போட்டிகளில் சாதாரண மஞ்சள் பந்து கூடாது என்பது 2012 முதல் உலக விதியே. வாத்தியார் பெரிய கோர்ட்டுக்குள் சுண்ணாம்பில் குட்டிக் கோர்ட்டுகள் போட்டார். அவற்றுக்கு வலை? கயிறு கட்டிப் பழைய சேலையைத் தொங்கவிட்டோம். ஒன்று என்னுடைய சின்னாளப்பட்டி. ஆடிக் காற்றில் அது படபடவென்று அடிக்க, பந்து எந்தப் பக்கம் விழுந்தது என்பதில் தினம் ஒரு வழக்கு. வாத்தியார் எல்லா வழக்கையும், "திரும்பப் போடுலே" என்று ஒரே தீர்ப்பில் முடித்தார்.

பந்து விஷயத்தில் ஒரு தடவை ஏமாந்தோம். தபாலில் வரவழைத்த ஒரு பெட்டி முழுக்கச் சொத்தைப் பந்து. டென்னிஸ் பந்துக்குள் அழுத்தமாகக் காற்று இருக்கும். 100 அங்குல உயரத்திலிருந்து விட்டால் 53 அங்குலமாவது எழும்ப வேண்டும். இவை முழங்காலைத் தாண்டவில்லை. விற்றவர்கள் திரும்ப எடுக்கவில்லை. செய்தி கேள்விப்பட்டு, சென்னையில் வேலை பார்க்கும் நம் ஊர்த் தம்பி ஒருவர் டப்பா டப்பாவாக வாங்கி நெல்லை எக்ஸ்பிரஸில் ஊருக்கு வந்த ஒரு குடும்பத்திடம் கொடுத்தனுப்பினார். அந்தக் குடும்பத்துக்கும் நன்றி, அவர்கள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. சொத்தைப் பந்துகளும் வீணாகவில்லை. பாதி தெருக் கிரிக்கெட்டுக்குப் போனது, பாதியைக் கீறி பால்வாடி நாற்காலிக் கால்களில் மாட்டியிருக்கிறோம்.

தென்காசிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே சாரல் விழுந்தால் மண் கோர்ட்டில் கால் வைக்க முடியாது. இங்கே அதே நேரம் வெயில் காயும், காற்று மட்டும்தான் வரும். அப்படித்தான் எங்கள் லீக்கில் சேர்ந்தார்கள். சேர்ந்தது மட்டுமா, வாரம் தவறாமல் ஆறரை மணிக்கெல்லாம் ஷூவைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். நடந்து வரும் தூரத்தில் இருக்கிற எங்கள் ஆட்கள் ஏழே காலுக்கு வருவார்கள். (யாரைச் சொல்கிறேன் என்று அவர்களுக்கே தெரியும்.)

இரட்டையரில் ஜோடியின் கூட்டு வயது எண்பதுக்குக் குறையக்கூடாது என்று வைத்தோம். அதனால் எனக்குக் கிடைத்த ஜோடி 74 வயதுத் தாத்தா. எனக்கு ஐம்பது, மட்டையைத் தொட்டே மூன்று வருஷம்தான். கூட்டு வயதில் எங்களை மிஞ்ச ஆளில்லை, புள்ளியில் எல்லோரும் மிஞ்சினார்கள். ஆட்டத்துக்கு நடுவில் தாத்தா ராமநாதன் கிருஷ்ணன் கதை சொல்வார். பக்கத்து நாகர்கோவிலில் பிறந்தவர், 1960லும் 1961லும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர். அந்தச் செய்தியை அப்பா பேப்பரிலிருந்து வாசித்துக் காட்டியது இன்னும் காதில் இருக்கிறதாம்.

கடைசி ஆட்டத்தில் எதிரணிப் பெண் அடித்த பந்து வெளியே என்று நான் கை தூக்கிவிட்டேன். புள்ளியும் எங்களுக்கு, கேமும் எங்களுக்கு. தாத்தா மெள்ள நடந்துபோய்க் குனிந்து பார்த்தார். செம்மண்ணில் பந்து பட்ட இடம் கோழிமுட்டை அளவுக்குத் தெரியும். அதன் ஓரம் சுண்ணாம்புக் கோட்டை ஒரு நூலளவு தொட்டிருந்தது. "உள்ளதான் தாயி" என்று சொல்லி, காலால் தடத்தை அழித்துவிட்டு வந்தார். நாங்கள் தோற்றோம். தாத்தா, அன்றைக்கு உங்கள் மேல் எனக்குக் கோபம்தான். மூன்று நாள் இருந்தது. இப்போது நன்றி சொல்கிறேன்.

வரவு செலவை கோர்ட் கேட்டில் ஒட்டியிருக்கிறேன், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெரியம்மா வீட்டுக் குழாய் வாஷரை மாற்ற மீதிப் பணத்தில் எடுத்து வைத்திருக்கிறோம், இதையாவது வாங்கிக்கொள்ளுங்கள் பெரியம்மா. சேலை வலைக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளையின் இடது கால் ஷூ ஒன்று கிடந்தது. நீலக் கலர், உள்ளே நிறையச் செம்மண். வாத்தியார் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
கணக்கு நோட்டு வைத்திருப்பவள்