முகாம் போடுற அண்ணாச்சிமாருக்கு: பல்லை மட்டும் பாக்காதீங்க

எங்க ஏரியா சங்கத்து நிர்வாகிகளுக்கு வணக்கம்.

வருசா வருசம் நம்ம மும்பை தாராவியில இலவச மருத்துவ முகாம் போடுறீங்க, பந்தல், டீ, பிஸ்கட்டுன்னு ஒரு குறையும் வைக்கிறதில்ல. ஆனா போன தடவை எங்கப்பாவுக்கு நடந்ததை சொல்லியே ஆகணும்.

கீழ் முன்பல்லு ஒண்ணு ஆடிட்டு இருந்துச்சு. பல்லு டேபிள்ல டார்ச் அடிச்சு பாத்தாங்க, ஊசி போட்டு புடுங்கி பஞ்சு வச்சு அனுப்பிட்டாங்க, அவ்ளோதான். அப்பா அதை டிஸ்யூ பேப்பர்ல சுத்தி கொண்டாந்து என் கையில குடுத்தாரு. திருப்பித் திருப்பி பாக்குறேன், சொத்தையும் இல்ல ஓட்டையும் இல்ல, வேர்ல மட்டும் பாதி தூரத்துக்கு கறுப்பா காரை ஒட்டியிருக்கு. "நல்ல பல்லுதானல, பெறகு ஏன் ஆடுச்சு"ன்னு கேட்டாரு. எனக்கு பதில் தெரியல. சயன் பக்கம் ஒரு ஈறு டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டு போனப்புறம்தான் வெளங்குச்சு.

நாம நினைக்கிற மாதிரி பல்லு எலும்புல ஆணி அடிச்ச மாதிரி இறுகி நிக்கல, தொங்குது. வேர் மேல சிமெண்டம்னு ஒரு மெல்லிசு பூச்சு இருக்கு, அதுல ரத்தக் குழாயே கிடையாது. எதிர்ல தாடை எலும்போட குழி. ரெண்டுக்கும் நடுவுல இருக்குற சந்து சுமாரா 0.2 மில்லிமீட்டர்தான், அதுக்குள்ள ஆயிரக்கணக்கான நார், ஒரு முனை பூச்சுல இன்னொரு முனை எலும்புல புதைஞ்சு, தூளி கட்டுன மாதிரி பல்லை தாங்கிட்டு இருக்கு. கடிக்கிறப்ப அந்த வேகத்தை வாங்கிக்கிறதும் அதுதான். சோத்துல பொடிக்கல்லு கடிபட்டா சுருக்குன்னு தெரியுதுல்ல, அந்த உணர்வும் பெரும்பாலும் இந்த நாருக்குள்ள இருக்குற நரம்புலேருந்துதான் வருது (எலும்புல திருகி வைக்கிற இம்ப்ளான்ட் பல்லுக்கு இந்த நார் கிடையாது). இது எல்லாத்துக்கும் மேல மூடி மாதிரி ஈறு.

ஈறு ஓரத்துல அழுக்கு சேந்து காரையா இறுகுனா ஈறு வீங்கும், ரத்தம் வரும். அந்த நிலைமையில சுத்தம் பண்ணிட்டா சரியாயிரும். விட்டா சில பேருக்கு அது உள்ள இறங்கி நாரையும் எலும்பையும் தின்னுரும், போன எலும்பு தானா திரும்பி வராது. அப்பா பீடி குடிக்கிறவரு, பீடி சிகரெட் ஆளுங்களுக்கு ரத்தம் கூட அவ்வளவா வராதாம், அதனால வெளிய ஒண்ணுமே தெரியாம உள்ளுக்குள்ளயே போயிருச்சு. மிஸ்ரின்னு வறுத்த புகையிலைப் பொடியை பல்லுல தேய்க்கிற நம்ம வீட்டு பொம்பளைங்க ஈறை யாரு பாக்குறா, அதையும் யோசிங்க.

உங்க பேனர்ல "ஆலும் வேலும் பல்லுக்குறுதி"ன்னு போட்டு கீழ ஒரு பெரிய பல்லு சிரிச்சுட்டு இருந்துச்சு, ஈறே இல்லாம! எனக்கு அப்ப சிரிப்பு வரல.

கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிசு கம்பி இருக்கு, ப்ரோப்னு சொல்றாங்க, அதை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல மெதுவா விட்டு அளக்கணும். 3 மில்லிமீட்டர் வரைக்கும் பரவால்ல, 4-ஓ அதுக்கு மேலயோ போனா உள்ள கவனிக்கணும்னு அர்த்தம். அடுத்து, சுகர் டேபிளையும் பல்லு டேபிளையும் பக்கத்து பக்கத்துல போட்டுட்டு ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டேங்குறாங்க. சுகர் ஏறுனா ஈறு நோய் முத்தும், ஈறு மோசமானா சுகரை அடக்குறது கஷ்டம். அப்பாவுக்கு அன்னைக்கு சுகர் ஜாஸ்தின்னு சீட்டுல எழுதியே குடுத்தாங்க, அந்த சீட்டை பல்லு டேபிள்ல யாரும் வாங்கி பாக்கல. சுகர் ஜாஸ்தியா உள்ளவங்களை நேரா ஈறு அளக்க அனுப்புங்க. காரை எடுத்தா பல்லு ஆடிரும்னு பயப்படுறவங்ககிட்ட, ஏற்கனவே எலும்பு போன இடத்தைத்தான் காரை மறைச்சுட்டு இருந்துச்சுன்னு எடுத்து சொல்ல தமிழ் தெரிஞ்ச ஒரு ஆளை நிறுத்துங்க, நானே வேணும்னாலும் வரேன்.

இந்த தடவையும் அப்பா வருவாரு. மேல் வரிசையில இன்னும் ரெண்டு லேசா ஆடுது. புடுங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை அளந்து பாருங்க.

இப்படிக்கு,
90 அடி ரோட்டுக்காரன் ஒருத்தன்