சாஃப்ட்பால் சங்க ஆண்டறிக்கை 2024–25: ஓடுபவரை மறித்தல் குறித்த தீர்ப்புகள்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் என் வணக்கம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பின், மைதானத்தில் தண்ணீர் வடியும் வரை பயிற்சி நின்றது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். இவ்வாண்டு நமக்குள் எழுந்த மனக்கசப்புகளில் பெரும்பாலானவை, ஓடுபவரைத் தடுப்பாட்டக்காரர் மறித்தல் எனும் அப்ஸ்ட்ரக்‌ஷன் தீர்ப்புகளால் வந்தவை என்பதால், இவ்வறிக்கையை அதற்கே ஒதுக்குகிறேன்.

பெண்கள் ஆட்டம் ஒன்றில், மூன்றாம் பேஸைச் சுற்றி ஒரு ரன்னர் (ஓடுபவர்) ஹோமுக்கு, அதாவது ரன் எடுக்கத் தொட வேண்டிய கடைசி பேஸுக்கு, ஓடி வந்தார். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட் ஸ்டாப்பின் கையை விட்டுப் பந்து கிளம்பும் முன்பே, ஹோமைக் காக்கும் கேட்சர் சுண்ணாம்புக் கோட்டின் மேல் காலை அகட்டி நின்றுவிட்டார். மோதாமலிருக்க ரன்னர் வெளிப்பக்கமாக வளைந்தார். அந்த இரண்டு எட்டு தாமதத்தில் பந்து வந்து சேர்ந்து, டேக் விழுந்து (பந்தோடு ரன்னரைத் தொட்டு), அவுட் கொடுக்கப்பட்டது. கேட்டபோது, "இடிக்கவே இல்லையே" என்றார் அம்பயர்.

இடிக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. பந்து கையில் இல்லாமலும், அடித்த பந்தை எடுக்கும் முயற்சியில் இல்லாமலும் இருக்கும் பீல்டர், ரன்னரின் ஓட்டத்தைத் தடுத்தாலோ தளர்த்தினாலோ போதும். வேண்டுமென்றே செய்தாரா என்ற கேள்வியே இல்லை. பந்து வந்துகொண்டிருந்தது என்பதும் இன்றைய விதியில் சாக்காகாது. நம் மூத்த ஆட்டக்காரர் பலர் இன்னும் பழைய விதியையே மனத்தில் வைத்திருக்கிறார்கள். அடித்த பந்தை எடுக்கப் போகும் பீல்டருக்கோ ரன்னர்தான் வழிவிட வேண்டும். தவறினால் அது இன்டர்ஃபியரன்ஸ், உடனே டெட் பால் (ஆட்டம் நிற்கும்), ரன்னர் அவுட். அப்ஸ்ட்ரக்‌ஷனில் அப்படி உடனே ஆட்டத்தை நிறுத்தக் கூடாது. அம்பயர் இடது கையைப் பக்கவாட்டில் நீட்டிக் காட்டி ஆட்டத்தைத் தொடர விட்டு, மறிக்கப்படாதிருந்தால் ரன்னர் எந்த பேஸை அடைந்திருப்பார் என்று கணித்து, அதை அவருக்கு வழங்க வேண்டும்.

அம்பயரின் கணிப்பை எதிர்த்து முறையிட முடியாது. விதியையே தவறாகக் கொண்டிருந்தால் முறையிடலாம், ஆனால் அடுத்த பந்து வீசப்படும் முன் சொல்லியாக வேண்டும். அன்று பயிற்சியாளர் ஆட்டம் முடிந்த பிறகே எழுதிக் கொடுத்ததால், முடிவை மாற்ற இயலவில்லை. அந்த ரன்னரிடமும் அவருடைய அணியிடமும் சங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவிக்கிறேன். அம்பயர் ஒருவர் மேல் மட்டும் இப்பழியைச் சுமத்துவது நியாயமன்று; பேஸுக்கு பேஸ் 60 அடி உள்ள களத்தில், பந்தையும் நான்கு பேஸ்களையும் அவர் ஒருவரே பார்க்கும்படி விட்டது நாம்தான்.

பிறகு மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஞாயிறு காலைகளில் இதே காட்சியைத் திரும்பத் திரும்ப நடத்திப் பார்த்தோம். கண் தன்னையறியாமல் பந்தின் பின்னாலேயே போகிறது. ஹோமில் நிற்பவரின் கால் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் பார்க்க ஓர் ஆள் இருந்தபோது சந்தேகமே எழவில்லை.

எனவே, அடுத்த பருவம் முதல் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் இரண்டு அம்பயர்களை நியமிக்கவும், அதற்காகும் கூடுதல் படிக்காக அணி நுழைவுக் கட்டணத்தை உயர்த்தவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்
கடலூர்