கமிட்டிக்கும் ஊருக்கும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

வருகிற மே 31, சனிக்கிழமையோடு நம்முடைய சமுதாயக் கல்லூரியின் இயக்குநர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெறுகிறேன். 2007 ஜூன் மாதம் வந்தேன். 18 வருடம் ஓடிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை விடைகொடுக்கும் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்றேன், தொண்டை அடைத்துக்கொண்டது. "எல்லோருக்கும் நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் இப்போது எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று கமிட்டியில் பலரும் கேட்டுக்கொண்டார்கள். அதனால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்று நம் பேராவூரணிப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நான் வேலையில் சேர்ந்தபோது சமுதாயக் கல்லூரி என்றால் என்னவென்று எனக்கே சரியாகத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் என்ற ஊரில் 1901ஆம் வருடம் ஆறே ஆறு மாணவர்களோடு தொடங்கியது இந்த யோசனை. நம் பக்கம் 1995இல் புதுவைப் பல்கலைக்கழகமும், அடுத்த வருடம் சென்னையில் கத்தோலிக்க உயர்மறை மாவட்டமும் இதைத் தொடங்கின. 1999இல் இயேசு சபையினர் சென்னையில் இதற்கென்றே ஒரு மையம் அமைத்தார்கள். அந்த மையத்தை நடத்திய அருட்தந்தை சேவியர் அல்போன்ஸ் நாடு முழுவதும் இந்த வகைக் கல்லூரிகள் முளைக்கப் பாடுபட்டவர். எட்டாவதோடு நின்றவர்கள், பத்தாவதில் தவறியவர்கள், கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு படிக்க ஆசைப்பட்ட பெண்கள் என்று கதவு அடைபட்டவர்களுக்கெல்லாம் ஒரு வருடத்தில் ஒரு தொழிலும், நாலு பேர் முன்னால் நிமிர்ந்து பேசுகிற தைரியமும் கொடுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். எங்கள் முதல் வகுப்பில் 14 பேர். ஜோலியட்டைவிட எட்டுப் பேர் அதிகம் என்று அந்த வருடம் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் பல இடங்களில் கல்லூரியின் ஆட்சிக்குழுவை ஊர்மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம்முடையது சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்த ஒரு சிறிய சங்கம். ஓட்டெல்லாம் கிடையாது. ஒன்பது பேர் கொண்ட கமிட்டி, அவ்வளவுதான். ஆனால் தேர்தல் இல்லாததாலேயே வருடத்துக்கு ஒரு முறை வரவு செலவை ஊருக்கு முன்னால் வாசிக்க வேண்டும் என்று முதல் தலைவர் ஐயா பிடிவாதமாக இருந்தார். மைக் செட் வைத்து, கல்லூரி வாசலில் பெஞ்சு போட்டு, டியூப் லைட் ஒன்று வாங்கிய கணக்கு வரைக்கும் வாசிப்போம். கேட்க 20 பேர் வந்தாலும் வாசிப்போம். அவர் காலமாகி ஒன்பது வருடமாகிறது. அந்தப் பழக்கம் இன்றுவரை நிற்கவில்லை. என் முதல் நன்றி அவருக்கு.

கமிட்டிக் கூட்டம் என்றால் வெளியில் இருப்பவர்களுக்கு அது ஒரு சடங்கு மாதிரித் தோன்றும். உள்ளே உட்கார்ந்து பார்த்தவள் நான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இரண்டாவது ஞாயிறு, மாலை நாலு மணி. ஏழு நாள் முன்னாடி அஜெண்டா கைக்குப் போய்ச் சேர்ந்து, டெஸ்பாட்ச் நோட்டில் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். ஐந்து பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். யாருக்கும் ஒரு பைசா படி கிடையாது, பஸ் காசுகூடக் கைக்காசுதான். மிக்சரும் டீயும் உண்டு. செயலர் அண்ணன் பெரிய கட்டம் போட்ட நோட்டில் நீல மையில் எழுதுவார். தீர்மானம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், நிறைவேறியது என்று வரிசையாக வரும். யாராவது எதிர்த்தால் அதையும் எழுதுவார். "எதிர்த்ததை எழுதலன்னா அது மினிட்ஸ் இல்ல டீச்சர், கல்யாணப் பத்திரிகை" என்பார். இப்போது ஐந்தாவது நோட்டு நடக்கிறது.

ஒரு நாள் நாலு பேர்தான் வந்திருந்தார்கள். அன்று வங்கிக் கணக்கு பற்றிய தீர்மானம் அவசரம். ஆறு மணி வரை காத்திருந்தோம். கலைந்துவிடலாம் என்று எழுந்தபோது ஐந்தாமவர் ஈரத் தலையோடு சைக்கிளில் வந்து இறங்கினார். நெருங்கிய உறவில் ஒரு சாவு. எடுத்து முடித்து, குளித்துவிட்டு நேராக வந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எந்த ஐட்டத்துல இருக்கோம்?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். அந்த ஈரத் தலையை என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்து ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். வருடக்கணக்காக நான் மனதுக்குள் கோபப்பட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர்.

2012இல் மாடி கட்ட ஆசைப்பட்டேன். கீழே இருந்த மூன்று அறையில் ஐந்து பாடப்பிரிவு நடந்துகொண்டிருந்தது. தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவில் ஹெல்த் அசிஸ்டன்ட் பிள்ளைகள் ரத்த அழுத்தம் பார்க்கப் பழக வேண்டும், ஸ்டெதாஸ்கோப்பில் ஒன்றும் கேட்காது. இடத்தை வைத்து வங்கியில் கடன் வாங்கலாம் என்று திட்டம் போட்டு, வரைபடமெல்லாம் தயார் செய்து, கலர் பேப்பரில் அச்சடித்துக் கொண்டுபோனேன். எட்டுப் பேருக்கும் பிடித்துவிட்டது. அவர் மட்டும் பேப்பரைத் திருப்பி வைத்துவிட்டுக் கேட்டார்: "டீச்சர், இந்த வட்டிய யாரு கட்டுவா? புள்ளைங்கதானே?" நான் ஏதோ பதில் சொன்னேன். அவர் விடவில்லை. ஃபீஸ் எவ்வளவு ஏறும், ஏறினால் எத்தனை பேர் வராமல் நிற்பார்கள் என்று தாளில் போட்டுக் காட்டச் சொன்னார். போட்டுப் பார்த்தேன். என் கை எழுதிய கணக்கு எனக்கே எதிராக நின்றது. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. அப்புறம் அது திரும்ப வரவே இல்லை. இரண்டு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை நான். அதற்கு இந்த மடலில் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தது. நம் பக்கத்து ஆட்களுக்கு அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. லட்சக்கணக்கான தென்னை ஒரே ராத்திரியில் போனது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று எங்கே பார்த்தாலும் மரங்கள் ஒரே பக்கமாகத் தலை சாய்ந்து கிடந்தன. கல்லூரியின் பின்பக்க ஷீட் கூரை பறந்து அடுத்த வயலில் கிடந்தது. கம்ப்யூட்டர் அறைக்குள் முழங்கால் தண்ணீர். கரண்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆன ஊர்களும் உண்டு.

25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம். ரோட்டில் மரம் கிடந்ததால் மூன்று பேர் நடந்தே வந்தார்கள். மேஜை நனைந்து ஊறிப்போயிருந்தது, தரையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். 2012இல் என்னைக் கேள்வி கேட்ட அதே மனிதர்தான் முதலில் பேசினார். அவருடைய தோப்பில் ஒரு மரம்கூட நிற்கவில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். "இந்த வருசம் மிச்ச ஃபீஸ் யாருகிட்டயும் கேக்க வேணாம். எழுதிக்கங்க, நான் முன்மொழியிறேன்" என்றார். வழிமொழிய நாலு கை ஒன்றாக எழுந்தன. கூரைக்கு டெபாசிட்டிலிருந்து எடுப்பது என்பது இரண்டாவது தீர்மானம். எலக்ட்ரீஷியன் பிரிவுப் பிள்ளைகள் வகுப்பை நிறுத்திவிட்டு, ஆசிரியரோடு வீடு வீடாகப் போய் நனைந்த வயரிங்கைச் சோதித்துக் கொடுப்பது மூன்றாவது. கரண்ட் வரும்போது யாருக்கும் ஷாக் அடிக்கக் கூடாதே என்ற பயம்தான் காரணம்.

அந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. மாடி கட்டியிருந்தால் அந்த மாதமும் தவணை கட்டியாக வேண்டும். ஃபீஸை விட்டுக்கொடுக்கும் பேச்சே எழுந்திருக்காது. கடன் இல்லாத கல்லூரியாக இருந்ததால் அந்த வருடம் ஒரு பிள்ளைகூடப் படிப்பை விடவில்லை. நன்றி ஐயா. நீங்கள் வேண்டாம் என்று சொன்னதற்காகத்தான் இந்த நன்றி.

2015இல் பழைய மாணவர் ஒருவர் கமிட்டியில் இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். முதல் வகுப்பின் 14 பேரில் ஒருத்தி வந்தாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு படிக்க வந்தவள், இன்றைக்குச் சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். முதல் மூன்று கூட்டம் வாயே திறக்கவில்லை. நாலாவதில், பாக்கி வைத்தவர்களின் சான்றிதழை நிறுத்திவைப்பது பற்றிப் பேச்சு வந்தது. ஆபீஸில் எல்லோரும் செய்வதுதானே என்று நானும் அஜெண்டாவில் போட்டிருந்தேன். அவள் எழுந்து, "சர்ட்டிபிகேட் குடுத்தாத்தான் வேலைக்குப் போவோம் மேடம், வேலைக்குப் போனாத்தானே பாக்கி குடுப்போம்" என்றாள். அறையில் யாரும் பேசவில்லை. பாக்கிக்காக யாருடைய சான்றிதழையும் நிறுத்தக் கூடாது, ஃபீஸை நாலு தவணையாக வாங்கலாம் என்று அன்றே முடிவானது. பாக்கி வைத்தவர்களில் பெரும்பாலோர் பிறகு வந்து கட்டிவிட்டார்கள். ஒருத்தர் சிங்கப்பூரிலிருந்து அனுப்பினார்.

தொடக்கத்தில் ஹெல்த் அசிஸ்டன்ட் பிள்ளைகளைப் பயிற்சிக்கு எடுக்க யாரும் முன்வரவில்லை. நான் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. "பத்தாவது ஃபெயிலானவங்கள வார்டுக்குள்ள எப்படி விடறது?" என்று ஓர் இடத்தில் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். அடுத்த வாரம் வேறொரு இடத்தில் நர்சிங் சூப்பிரண்டு அக்கா, "மூணு பேர அனுப்புங்க, பாப்போம்" என்றார். மூன்று பேர் போனார்கள். ஒரு மாதம் கழித்து அவரே போன் செய்து இன்னும் நாலு பேர் கேட்டார். படுக்கையில் கிடக்கும் நோயாளியை வலிக்காமல் திருப்பிப் படுக்க வைப்பது எப்படி என்று பக்கத்தில் நின்று ஒவ்வொருத்திக்கும் கை பிடித்துக் கற்றுக்கொடுத்த அந்த அக்காவுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? கொரோனா வந்தபோது நம் பிள்ளைகள் பலர் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தார்கள். ஒருவரும் வேலையை விட்டு ஓடி வரவில்லை.

அதே 2020இல் ஆசிரியர்களுக்கு நாலு மாதம் சம்பளம் முழுதாகக் கொடுக்க முடியவில்லை. வாங்கியது பாதிதான், ஆனாலும் வாட்ஸ்அப்பில் பாடம் நடத்தினீர்கள். மீதியை அடுத்த வருடம் கொடுத்துத் தீர்த்தோம் என்றாலும் அந்த நாலு மாதம் உங்கள் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்று நான் கேட்கத் துணியவில்லை. உங்கள் காலில் விழ வேண்டியவள் நான்.

கட்டணமில்லாமல் வருடா வருடம் ஆடிட் செய்து கொடுத்து, ஒரு வவுச்சரில் கையெழுத்து விடுபட்டாலும் திருப்பி அனுப்பிய ஆடிட்டர் சாருக்கு நன்றி. டூ வீலர் மெக்கானிக் பையன்களைக் கடைப் பையன்களாக நடத்தாமல் தொழில் சொல்லிக்கொடுத்த பட்டறைக்கார அண்ணன்களுக்கும், காலையில் எனக்கு முன்னால் வந்து வாசல் தெளித்த அக்காவுக்கும் நன்றி. 2021இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு நம் பெண்பிள்ளைகள் லீவு போடுவதே குறைந்தது. கடைசி வகுப்பு முடிந்து ஓடி வருகிறவர்களுக்காக ஒரு நிமிடம் விசில் அடிக்காமல் நின்ற கண்டக்டர்களுக்கும் நன்றி. என் வீட்டுக்காரரைப் பற்றி எழுதினால் அவர் கோபித்துக்கொள்வார். 18 வருடம் ஞாயிற்றுக்கிழமைகளை எனக்கு விட்டுக்கொடுத்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போன ஞாயிறு பொன்னாடை வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன், கேட்டீர்கள், சந்தோஷம். கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பும்போது அந்த மாடி வேண்டாம் என்ற ஐயா வண்டியின் பின்னால் கட்டியிருந்த ஒரு குலை இளநீரை அவிழ்த்து வைத்தார். கஜாவுக்கு அப்புறம் வைத்த நெட்டை-குட்டைக் கலப்புத் தென்னங்கன்று. "முதல் காய்ப்பு டீச்சர்" என்றார். அதை வீட்டுக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை. அங்கேயே வெட்டி, இருந்த எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சமாகக் குடித்தோம்.

பொறுப்பு ஒப்படைப்பு ஏறக்குறைய முடிந்துவிட்டது. சொத்துப் பதிவேடு, மினிட்ஸ் நோட்டு ஐந்து, பீரோ சாவி மூன்று, டெபாசிட் ரசீதுகள் எல்லாம் சரிபார்த்துக் கையெழுத்தாகிவிட்டன. காசோலையில் கையெழுத்து மாற்றும் தீர்மானத்தின் நகல் வங்கிக்குப் போய்விட்டது. ஜூன் 2, திங்கட்கிழமை புதிய இயக்குநர் பொறுப்பேற்கிறார். நம்மிடமே 11 வருடம் பாடம் நடத்தியவர். பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர். எனக்குத் தோள் கொடுத்ததுபோல அவருக்கும் கொடுங்கள். கமிட்டியில் இருப்பவர்கள் என்னிடம் கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னதுபோல அவரிடமும் கேளுங்கள்.

இந்த வருடச் சேர்க்கை நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் தெருவில் பத்தாவதோடு நின்ற பிள்ளையோ, வீட்டோடு இருக்கும் மருமகளோ இருந்தால் காலை பத்து மணிக்கு மேல் ஆபீஸுக்கு அனுப்பிவையுங்கள். விண்ணப்பத்துக்குப் பணம் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் வரை நான்தான் அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பேன்.

நன்றியுடன்,
உங்கள் டீச்சர்