திருவிழாவுக்கு வராத டீச்சரைப் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் பகுதியில் எங்கள் ஊரைப் பற்றி ஒரு கடிதம் வந்திருந்தது. எங்கள் வட்டார நகராண்மைக் கழக உறுப்பினர் கோயில் திருவிழாவுக்கு வருவதில்லை, தீபாவளிக்கு ஹேம்பர் என்கிற பரிசுக்கூடை கொடுப்பதில்லை, போன் அடித்தால் சாயங்காலம்தான் எடுக்கிறார், இப்படிப்பட்டவர் எதற்கு என்று அந்த அன்பர் கேட்டிருந்தார். ஹேம்பர் கொடுக்காதது உண்மை. எனக்கும் கொடுக்கவில்லை. ஆனால் "எதற்கு" என்ற கேள்விக்கு நான் கொஞ்சம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கெடா மாநிலம் சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். செக்ரோல் என்கிற ஆள்வருகைப் பதிவேடு எழுதிப் பழகிய கை, நடந்ததை நடந்தபடி எழுதத் தெரியும்.

எங்கள் தமிழ்ப்பள்ளியின் பின்சுவரை ஒட்டி ஒரு கால்வாய் ஓடுகிறது. மேட்டில் புதிதாக எழும்பிய தாமான் என்கிற வீடமைப்புக் குடியிருப்பு, நடுவில் பள்ளி, பள்ளத்தில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயம். சாயங்கால மழை சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் பிடித்தால் போதும், லயத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். அரிசிப் பானையையும் பிள்ளைகளின் பள்ளிப் பையையும் கட்டில்மேல் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். புகார் செய்தால் கழகத்து ஆட்கள் வருவார்கள், மண்ணை வாரிப் போடுவார்கள், படம் எடுத்துப் பேஸ்புக்கில் ஏற்றுவார்கள். அடுத்த மழைக்கு மறுபடியும் அதே கதை. முன்பு இருந்த உறுப்பினர் லயத்துக்கு வந்து அரிசியும் மைலோவும் கொடுத்துவிட்டுப் போவார். நல்ல மனிதர்தான், பேச்சும் இனிப்பாக இருக்கும். லயத்துக்குள் தண்ணீர் வருவது மட்டும் நிற்கவில்லை.

இப்போது இருப்பவர் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அதனால் ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். பதவிக்கு வந்த கொஞ்ச நாளில், வாரத்தின் நடுவில் ஒரு காலை நேரம், கூட ஆளில்லை, பேனர் இல்லை, தனியாக வந்தார். சுடிதாரை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு லோங்காங்குக்குள், அதாவது அந்தக் கால்வாய்க்குள், இறங்கிவிட்டார். கையில் தையற்காரர் வைத்திருக்கும் துணி டேப். மேலிருந்து வரும் கால்வாய் மூன்றடி அகலம். அது தோட்டத்து மண்பாதைக்கு அடியில் நுழைகிற குழாயின் வாய் ஒன்றரை அடிதான். அந்தக் குழாய் அங்கே பால்மரம் (ரப்பர் மரம்) நின்ற காலத்தில் போட்டது. அப்போது மேட்டில் தாமான் கிடையாது, பெய்த மழையில் பாதியை மண்ணே குடித்துக்கொள்ளும். இன்று மேடு முழுக்க சிமெண்டும் தாரும். பெய்கிற மழை அத்தனையும் ஓடிவந்து அந்த ஒன்றரை அடி வாயில் முட்டி, போக வழியில்லாமல் லயத்துப் பக்கம் திரும்புகிறது. இத்தனை வருஷமாக வாரின மண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, குழாயை மாற்றிவிடலாமே என்பீர்கள். அங்கேதான் வம்பு. கால்வாய் கழகத்துடையது. குழாய் கிடப்பது தோட்டத்து நிலத்தில், அது தனியார் சொத்து, கழகம் தன் காசைப் போட்டு அங்கே மண்வெட்டி வைக்க முடியாது. குழாயைத் தாண்டினால் வரும் சிற்றாறு வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் பொறுப்பு. முன்னால் போகும் பெரிய ரோடு பொதுப்பணி இலாகாவுக்குச் சேர்ந்தது. யாருக்கு எழுதினாலும் "எங்கள் எல்லைக்கு உட்பட்டதல்ல" என்று மரியாதையாக ஒரு கடிதம் வரும். அந்த வகைக் கடிதங்களை டைப் அடித்தே சம்பளம் வாங்கியவன் நான். அவற்றில் ஒரு வரிகூடப் பொய் இருக்காது. எல்லாரும் உண்மையைச் சொல்லியே வேலை நடக்காமல் போகும்.

டீச்சர் செய்தது, கழகத்து எஞ்சினியர், தோட்டத்து மானேஜர், வடிகால் இலாகாவின் டெக்னீசியன் மூவரையும் ஒரே காலையில் அந்தக் குழாய் வாயில் கொண்டுவந்து நிறுத்தியதுதான். அதற்கு எத்தனை போன் அடித்தார், எத்தனை பேரிடம் பேச்சு வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தது அந்தக் காலையை. மானேஜர் காரை விட்டு இறங்காமலே பேசப் பார்த்தார். "ஐயா, இறங்கி வந்து பாருங்கள், காலணி கெட்டுப்போனால் நான் கழுவித் தருகிறேன்" என்றார் டீச்சர். அவர் சிரித்துவிட்டு இறங்கினார். தோட்டம் எழுத்தில் அனுமதி கொடுத்தது, மண் தோண்டும் தன் பேக்ஹோ இயந்திரத்தையும் கொடுத்தது. கழகம் பெரிய கான்கிரீட் குழாய்களை வாங்கிப் போட்டது. ஆற்று வாயில் அடைத்திருந்த மண்ணை வடிகால் இலாகா வாரியது. போன நவம்பர் மழையில் தண்ணீர் வாசற்படி வரை வந்தது, உள்ளே வரவில்லை. முழு வெற்றி என்று நான் எழுத மாட்டேன். இதைவிடப் பெரிய மழை வந்தால் என்னாகும் என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். மலிவு வீட்டில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு வீட்டு வரி பில் இன்னும் செத்துப்போன புருஷன் பேரிலேயே வந்துகொண்டிருந்தது. வருஷத்துக்கு இரண்டு பில், பிப்ரவரி கடைசிக்குள் ஒன்று, ஆகஸ்டு கடைசிக்குள் ஒன்று. கட்டாமல் விட்டது சேர்ந்து நோட்டீஸ் வந்துவிட்டது. பேர் மாற்றித் தருகிறேன் என்று ஒரு ஏஜெண்டு காசு கேட்டிருக்கிறான். டீச்சர் அந்த அம்மாவைக் கழகத்து கவுண்டருக்குக் கூட்டிப்போய் பாக்கியைத் தவணையில் கட்ட எழுதிக் கொடுத்தார். அப்புறம் நில அலுவலகத்துக்கு அழைத்துப்போனார். பில்லில் பேர் மாறுவது கடைசி வேலை, கிராண்டில், அதாவது சொத்துப் பட்டாவில், பேர் மாறுவதுதான் முதல் வேலை, அதற்கு நில அலுவலகத்தில் பாரம் ஏ என்கிற படிவத்தை நிரப்பிச் சிறு சொத்துப் பங்கீட்டுக்கு மனுப் போட வேண்டும். 1955ஆம் ஆண்டுச் சட்டம் அது. நம் ஆட்களில் எத்தனை வீடு இன்னும் தாத்தா பேரிலேயே கிடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். அந்த அம்மாவின் மனு இன்னும் முடியவில்லை. ஆனால் ஏஜெண்டுக்குக் காசு போகவில்லை.

அன்பர் எழுதியதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை முடிந்த மறுநாள் காலையில் அந்தப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. பள்ளி முச்சந்தி விளக்கு இன்னும் எரியவில்லை. செய்கிற வேலையை டீச்சர் ஊருக்குச் சொல்வதும் இல்லை. சொன்னால் பெருமை பேசுகிறார் என்பார்கள் என்று கூச்சம். அரசியலில் இருக்கிறவருக்கு அவ்வளவு கூச்சம் ஆகாது.

அதைவிட எனக்குப் பெரிய குறை வேறு. டீச்சரை நாங்கள் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி ஒரு கழகத்தில் தலைவர் போக 8 பேர் முதல் 24 பேர் வரை உறுப்பினர்கள். நியமிப்பது மாநில அரசாங்கம். ஒரு நியமனம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. கட்சிப் பட்டியலில் பேர் இருந்தால் கடிதம் வரும், அடுத்த முறை பேர் இல்லையென்றால் வராது. மாலைக்கும் பொன்னாடைக்கும் மட்டும் வந்தவரை அனுப்ப எங்களால் முடியவில்லை. கால்வாயில் இறங்கியவரை வைத்துக்கொள்ளவும் எங்களால் முடியாது. ஓட்டுப் போட்டு அனுப்பியது சட்டமன்ற உறுப்பினரைத்தான். அதனால் விளக்கு எரியவில்லை என்றாலும் நாய்த்தொல்லை என்றாலும் ஜனங்கள் அவர் சேவை மையத்துக்குத்தான் போகிறார்கள். மாநில வரவு செலவையும் நிலப் பிரச்சினையையும் பேச வேண்டிய மனிதர், பாவம், ஆதரவுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டே பொழுதைக் கழிக்கிறார்.

இந்த மலேசியாவில் ஊராட்சித் தேர்தல் ஒரு காலத்தில் நடந்தது என்றால் என் பேரப்பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். சுதந்திரத்துக்கு முன்பே, 1951இல் ஜார்ஜ் டவுனிலும் 1952இல் கோலாலம்பூரிலும் ஓட்டுப் போட்டார்கள். ஜார்ஜ் டவுன் மேயராக டி.எஸ். ராமநாதன் இருந்திருக்கிறார். ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் கட்சி நகர மன்றத்தையே கையில் வைத்திருந்தது. பக்கத்துச் சீனர் புதுக்கிராமங்களில்கூட ஓட்டுப் போட்டு லோக்கல் கவுன்சில் அமைத்தார்கள். தோட்டத்தில் அது கிடையாது. தோட்டம் தனியார் நிலம். தண்ணீர்க் குழாய் முதல் லயத்துக் கூரை வரை எல்லாவற்றுக்கும் மானேஜர் பங்களா வாசலில்தான் நிற்க வேண்டும். அதாவது மற்றவர்கள் 1965இல் இழந்ததை நாங்கள் முதலில் பெறவே இல்லை.

1965 மார்ச்சில் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டித் தேர்தலை நிறுத்தினார்கள். மறு ஆண்டே சமாதானம் ஆகிவிட்டது. தேர்தல் திரும்பவில்லை. ஊராட்சி மன்றங்கள் செயல்படும் விதத்தை ஆராய அரசாங்கமே அமைத்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைவர் யார் தெரியுமா? நம் ஆதி நாகப்பன். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி அம்மாவின் கணவர். தேர்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றுதான் அந்த ஆணையம் பரிந்துரை செய்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் கதவை அடைத்தேவிட்டது. பினாங்கு 2012இல் தனியாகச் சட்டம் போட்டுத் தேர்தல் நடத்தப் பார்த்தது, 2014இல் கூட்டரசு நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது.

தேர்தல் வந்தால் சிறுபான்மையான நமக்கு ஓர் இடமும் கிடைக்காது, நியமனம் என்றால் கட்சிக்கு இத்தனை என்று கணக்காவது இருக்கிறது என்று சாப்பாட்டுக் கடையில் என் நண்பர்கள் சொல்கிறார்கள். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊரளவில் எண்ணினால் நாம் கொஞ்சம் பேர்தான். ஆனால் வார்டு வார்டாகப் பிரித்துத் தேர்தல் நடந்தால், எங்கள் லயமும் மலிவு வீடுகளும் சேர்ந்த வார்டில் நம் ஓட்டு இல்லாமல் யாரும் ஜெயிக்க முடியாது. நிற்பவர் மலாய்க்காரரோ சீனரோ யாராக இருந்தாலும், அந்தக் குழாய் வாயை வந்து பார்த்துவிட்டுத்தான் ஓட்டுக் கேட்க வேண்டியிருக்கும். இன்று யார் கேட்க வேண்டும்? நியமனக் கடிதம் மேலிருந்து வருகிறது, அதனால் முகம் காட்ட வேண்டியதும் மேலேதான்.

தேர்தல் என் ஆயுளில் வருமா என்பது சந்தேகம். அதுவரை உங்கள் பத்திரிகை ஒன்று செய்யலாம். கழகத்தின் வழக்கமான கூட்டம் மாதம் ஒரு முறையாவது நடக்க வேண்டும் என்பதும், கழகம் வேண்டாமென்று தீர்மானம் போட்டால் தவிர அந்தக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் பத்திரிகையில் நாங்கள் பார்ப்பதெல்லாம் மாலை போட்ட படமும் மாதிரிக் காசோலைப் படமும்தான். எந்த உறுப்பினர் கூட்டத்துக்கு வந்தார், எதைக் கேட்டார், என்ன பதில் வாங்கினார், யார் வாயே திறக்கவில்லை என்று நான்கு வரி எழுதினால் போதும், டீச்சர் வேண்டுமா வேண்டாமா என்பதை ஜனங்களே பேசிக்கொள்வார்கள். எங்கள் பக்கம் ஒரு நிருபரை அனுப்பிவையுங்கள். கூட்டம் காலையில்தான் நடக்கும், அவர் பசியாற வேண்டிய செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி
(பெயர் வெளியிட வேண்டாம்)
சுங்கைப்பட்டாணி வட்டாரம், கெடா